நாம் தேர்ந்தெடுக்காத பாட்டுகள்

பின்னிருக்கை:

போன வாரம் ஆறு மணி நேரக் கார்ப் பயணம். நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் மனைவி, பின்னால் பதினாறு வயது மகளும் பன்னிரண்டு வயது மகனும். கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்னால் இரண்டு பேர் காதிலும் இயர்பட் ஏறிவிட்டது. மனைவி ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஏதோ பேச்சு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு டயர் சத்தம்தான். கண்ணாடியில் பார்த்தால் மகளின் உதடு அசைகிறது, சத்தம் வராமல் பாடுகிறாள். மகன் முழங்காலில் விரலால் தட்டுகிறான். அவன் தட்டும் வேகம் வேறு, இவள் உதட்டின் வேகம் வேறு. ஒரே காரில் இரண்டு பாட்டு ஓடுகிறது, எனக்கு இரண்டுமே கேட்கவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் காரில் இரண்டே கேசட். இரண்டுமே அவருடையவை. என் கையில் விட்டிருந்தால் அதில் ஒரு பாட்டைக்கூட நான் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அத்தனை பாட்டும் முன்னிசையிலிருந்து கடைசி வரை எனக்கு மனப்பாடம். ஒரு கேசட்டின் முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணத்தில் நாடா கசங்கியிருக்கும். அந்த இடம் வந்ததும் பாடுகிறவரின் குரல் ஒரு நொடி தண்ணீருக்குள் மூழ்கிவிட்டு மேலே வரும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது அந்த மூழ்கலுக்காகக் காத்திருக்கிறது. பாடகர் நன்றாகத்தான் பாடிக்கொண்டு போவார், எனக்கு ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருக்கும். போன வருடம் ஒரு உறவினர் வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்தது. சரியாக அந்த இடத்தில் தலை நிமிர்ந்து பார்த்தேன், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து என் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கூட்டத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த இடம்.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு பாட்டு இரண்டு பேரைச் சேர்த்து வைப்பதற்கு இருவரும் அதைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும் என்றில்லை. யாரோ போட்ட பாட்டு இருவர் காதிலும் விழுந்திருந்தால் போதும். இப்போது யார் காதிலும் எதுவும் தானாக விழுவதில்லை. அவரவர் பாட்டை அவரவர் எடுத்துக்கொள்கிறோம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நாற்பது வயதில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்க ஒரு பாட்டாவது இருக்குமா? இது வயதானவனின் ஏக்கம் மட்டும்தானா, இல்லை உண்மையாகவே ஒன்று போய்விட்டதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஒலிநாடா:

அண்ணா, இந்தக் கவலை தனியாகப் பாட்டுக் கேட்கும் கருவியைச் செய்தவர்களுக்கே இருந்திருக்கிறது. 1979 ஜூலை 1ஆம் தேதி சோனி ஜப்பானில் கையடக்க கேசட் கருவியான வாக்மேனை முதல் முறையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாடல் டிபிஎஸ்-எல்2. அதில் ஹெட்போன் செருக ஒன்றல்ல, இரண்டு துளைகள். மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு, அதற்கு ஹாட்லைன் என்று பெயர். அழுத்திப் பிடித்தால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஹெட்போனில் கேட்கும். சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக அவர் மனைவி வருத்தப்பட்டாராம். அதிலிருந்துதான் இரண்டு பேர் கேட்கும்படி செய்யச் சொன்னார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

வாங்கியவர்கள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். எனக்கு, எனக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானும் இரண்டாவது துளையும் மறைந்துவிட்டன.

பழைய டேப் கருவிகளைச் சேர்த்துப் பழுது பார்ப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். அந்த முதல் மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ப்ளே பொத்தானின் ஓரம் விரல் பட்டுப் பட்டு வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. ஆரஞ்சுப் பொத்தான் மட்டும் நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது. முதலில் வைத்திருந்தவர் அதைத் தொட்டதே இல்லை போல. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இன்னும் பின்னால் போனால், 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தபோதே, கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த ரேடியோவை விட்டு இளையவர்கள் எழுந்து போக வழி கிடைத்துவிட்டது. அதற்கும் காதில் வைத்துக் கேட்கும் இயர்போன் உண்டு. அதனால் இது நேற்று நடந்ததில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி, இவ்வளவு முழுமையாக முன்பு நடந்ததில்லை.

நள்ளிரவுப்பணி:

எல்லோரும் ஏங்குகிறீர்கள், நான் எதிர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். காதில் தானாக விழும் பாட்டு எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் காலை பத்து மணிக்கு ஸ்பீக்கரைப் போடுவார், மதியம் வரை ஓடும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வருவது பாட்டு இல்லை. சொல் வராது, குரல் வராது, மெட்டு வராது. பாஸ் என்கிற அடித்தொனி மட்டும் தும் தும் என்று தலையணைக்குள் வந்து அடிக்கும்.

ஏன் அப்படி என்று தேடிப் படித்தேன். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உயர்ந்த சுரங்களைச் சுவர் ஓரளவு நிறுத்திவிடுகிறது, இவ்வளவு தாழ்ந்த ஒலியை வீட்டுச் சுவரால் நிறுத்த முடிவதில்லை. காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சுக்கூட்டில் தெரியும். நேரில் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார், இரண்டு நாள் குறைத்தும் வைத்தார், அப்புறம் பழையபடி. அந்தச் சமயத்தில் நான் ஒரு மாதம் சராசரியாக நான்கு மணி நேரம்தான் தூங்கியிருப்பேன். இயந்திரத்துக்கு முன்னால் நின்று கண் சொருகிய அன்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அதனால் ஹெட்போன் கண்டுபிடித்தவர்களுக்கு என் நன்றி. இன்னொருவர் தேர்ந்தெடுத்தது என் மேல் விழ வேண்டாம்.

பின்னிருக்கை:

நண்பரே, நீங்கள் சொல்வதை நான் யோசிக்கவே இல்லை. என் அப்பாவின் காரை விட்டு எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம், உங்கள் படுக்கையை விட்டு எங்கே போவது. தூக்கத்தைக் கெடுக்கும் பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உங்கள் பிரச்சினை இப்போது தீர்ந்ததா?

நள்ளிரவுப்பணி:

ஓரளவு. அதை அப்புறம் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

மழைச்சத்தம்:

இந்த உரையாடல் திரியைத் தொடங்கிய அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் காரில் அம்மாவின் கேசட் எது?

கோபப்பட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். எந்தப் பாட்டு என்பதை முதலில் அப்பா முடிவு செய்வார், அவர் இல்லாதபோது அண்ணன். அம்மாவுக்கும் எனக்கும் அந்தக் கருவியைத் துடைக்கும் வேலை மட்டும் இருந்தது. அம்மாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அண்ணனுக்குப் பிடித்த பாட்டுகள் எல்லாம் எனக்கும் மனப்பாடம், நீங்கள் சொல்வது போலவே. அதில் பாதிப் பாட்டில் பெண்ணைத் துரத்திக்கொண்டு போய்க் கேலி செய்வார்கள். அதையும் நான்தான் முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்திருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் ஒரு சின்ன பாட்டுக்கருவியும் ஹெட்போனும் வாங்கினேன். அன்றிரவு போர்வைக்குள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, எத்தனை முறை என்று தெரியாது, விடிய விடியக் கேட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, இது என்ன பாட்டு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கென்று ஒரு ருசி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் மகள் சத்தம் வராமல் உதடசைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது.

எல்லோருக்கும் பொதுவான பாட்டு என்று ஒன்று இருந்ததாகப் பேசுகிறோம். அதைப் பொதுவாக்கியது யார் கை என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் சரியாக இருக்கும்.

பின்னிருக்கை:

அம்மாவின் கேசட் என்று ஒன்று இல்லை, அக்கா. இருந்ததே இல்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து, உனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டேன். அவருடைய எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாக என் வாயிலிருந்து அந்தக் கேள்வி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னார், பாடவில்லை, சொன்னார். நான் கேட்டே இராத பாட்டு. அவருக்குப் பள்ளி நாளில் தோழி வீட்டு ரேடியோவில் கேட்டதாம்.

உங்கள் கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று பாருங்கள், அம்மாவின் அந்தப் பாட்டும் அவர் தேடிப் போனதில்லை, தோழி வீட்டில் யாரோ திருப்பிய ரேடியோவிலிருந்து வந்ததுதான். கை ஒருவருடையதாகவே இருந்ததுதான் தப்பு. காதில் விழுந்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மழைச்சத்தம்:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அந்தப் பாட்டைத் தேடி அனுப்பினீர்களா?

பின்னிருக்கை:

அனுப்பினேன். இரண்டு முறை கேட்டாராம். மூன்றாவது முறை அப்பாவும் கேட்டாராம்.

மேடைக்குரல்:

பதினெட்டு வருடமாக மேடையில் பாடுகிறேன், பெரிய பேர் எல்லாம் இல்லை, கொண்டாட்ட நிகழ்ச்சிகளில் பாடும் குழு. இந்தத் திரியில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. முன்னிசை பற்றி.

ஒரு பாட்டின் முன்னிசை தொடங்கியதும் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். முதல் இரண்டு நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் எங்கோ ஒருவர் தலை நிமிரும். அவர் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டுவார். அந்தப் பக்கம் ஒருவர் எழுந்திருப்பார். தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பல்லவியின் முதல் சொல் கூட்டத்தின் வாயில் வந்திருக்கும். அந்தப் பதினைந்து இருபது நொடிதான் ஒரு கூட்டம் ஒன்றாகச் சேரும் நேரம். தபேலாக்காரர் அதற்காகவே முன்னிசையை ஒரு சுற்று கூடுதலாக வாசிப்பார், எங்களுக்குள் கண்ணாலேயே பேசிக்கொள்வோம்.

புதுப் பாட்டுகளில் அது கிடைப்பதில்லை. எடுத்த எடுப்பில் குரல். இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டுகளை ஒரு ஆய்வாளர் அளந்து பார்த்திருக்கிறார். எண்பதுகளின் நடுவில் சராசரியாக 20 நொடிக்கு மேல் இருந்த முன்னிசை, 2015 வாக்கில் 5 நொடியாகிவிட்டது. ஒரு தொடுதலில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடலாம் என்று ஆனபின், கேட்கிறவர் போய்விடுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் 30 நொடி கேட்டால்தான் பெரும்பாலும் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இசையமைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குமேல் அதிகம் கொள்ளாது என்பதால் பாட்டு மூன்று நிமிடம் ஆயிற்று. கருவி எப்படியோ பாட்டும் அப்படி.

ஆனால் தனியாகக் கேட்பதற்குச் செய்த பாட்டைக் கூட்டத்துக்கு நடுவில் பாடும்போது எனக்குக் கை உடைந்த மாதிரி இருக்கிறது. அதனால் இப்போது நாங்களே புதுப் பாட்டுகளுக்கும் முன்னிசை சேர்த்து வாசிக்கிறோம். பல்லவியின் மெட்டைப் புல்லாங்குழலில் ஒரு முறை. சின்னப் பிள்ளைகள்கூட இரண்டாவது நொடியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

ஒலிநாடா:

மேடைக்குரல் சொன்னதும், பதிந்து வைத்த இசைக்கு நாம் பாடும் கரோக்கே எனக்கு நினைவுக்கு வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரும் உங்களைப் போல மற்றவர் பாட வாசித்துக் கொடுத்தவர்தான். கோபே நகரத்து டைசுகே இனோயே. அவர் வாசிப்புக்குப் பாடிப் பழகிய ஒரு நிறுவனத் தலைவர், வெளியூர்ப் பயணத்துக்கு வந்து வாசிக்கச் சொன்னார். இவரால் போக முடியவில்லை. அவர் குரலுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி இசையை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1971இல் கருவியானது. இனோயே அதற்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. அந்த முதல் டேப், ஒரு குறிப்பிட்ட மனிதர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே பின்தங்குவார் என்று தெரிந்த ஒருவர் செய்தது. எனக்கு அந்த விஷயம்தான் மனதில் நிற்கிறது.

ஏழாம்சுரம்:

நல்ல திரி. நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பொதுப் பாட்டு போய்விட்டது என்கிறீர்கள். தனியாக ஹெட்போனில் கேட்கிறவர்களும் மற்றவர் கேட்பதைத்தான் கேட்கிறார்கள். 2006இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள், 14,341 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கையைக் காட்டிய இடத்தில் பிரபலமானது மேலும் பிரபலமானது, மற்றவை தரையோடு போயின. ஒவ்வொரு உலகத்திலும் மேலே வந்த பாட்டு வேறு. தரத்தில் நடுவாக்கில் இருந்த ஒரு பாட்டு ஒரு உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆவது இடம்.

ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பது பாதி தற்செயல். இதை வைத்து மக்களுக்கு ரசனை இல்லை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிப் படிக்கவில்லை. மற்றவர் கேட்பதை நாமும் கேட்க விரும்புகிறோம், அவ்வளவுதான். காது பாட்டுக்கு மட்டும் திறந்திருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் திறந்திருக்கிறது.

இன்னொரு ஆய்வு, 2015இல் வந்தது. ராபின் டன்பர் என்ற உளவியலாளரின் குழு செய்தது. பெரியவர்களுக்காகப் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலருக்குப் பாட்டு வகுப்பு, சிலருக்குக் கைவினை, சிலருக்கு எழுத்து. பாடியவர்கள் தொடக்கத்திலேயே சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் ஏழு மாதம் முடியும்போது மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவு நெருக்கமாகிவிட்டார்கள். பாட்டு நெருக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவருகிறது, அது மட்டும்தான் வழி என்றில்லை. பின்னிருக்கை அவர்களே, உங்கள் பிள்ளைகள் நாற்பது வயதில் நிமிர்ந்து பார்க்க வேறு ஏதாவது இருக்கும். ஒரு விளையாட்டின் சத்தமாக இருக்கலாம். அது பாட்டாகத்தான் இருக்க வேண்டுமா?

பின்னிருக்கை:

இருக்கலாம். ஆனால் பாட்டாக இருந்தால் எனக்கும் கேட்குமே.

கைத்தாளம்:

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஞாபக மறதி நோய். நான்கு வருடமாகிறது. என் பெயர் சில நாள் வரும், பல நாள் வராது. போன மாதம் என்னைப் பார்த்து, நீங்க எப்ப வந்தீங்க என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்பா தினமும் காலையில் சவரம் செய்யும்போது ஒரே பாட்டைப் பாடுவார். பாடுவார் என்றால், பல்லவியைச் சரியாகப் பாடுவார், சரணத்தில் சொல் தெரியாமல் ம்ம்ம் என்று இழுப்பார், தாடையை இழுத்துப் பிடிக்கும்போது குரல் கோணலாக வரும். அம்மாவுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. உள்ளேயிருந்து, காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா என்று ஒரு குரல் வரும். முப்பது வருடம் இதே. அப்பா போய்ப் பதினோரு வருடமாகிவிட்டது, அந்தப் பாட்டை அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பாடியதில்லை.

இரண்டு மாதம் முன்பு அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் நான் அந்தப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பல்லவி முடிந்தது. அம்மா அடுத்ததை எடுத்தார். சரணத்தை, சொல்லோடு இல்லை, அப்பா இழுக்கும் அதே ம்ம்ம். அதே இடத்தில் அதே கோணல். சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே முழுதாக முடித்தார். அப்புறம், ஆரம்பிச்சாச்சா என்றார்.

டாக்டர் சொன்னார், நெடுநாள் பழகிய பாட்டுகள் பதிந்திருக்கும் மூளைப் பகுதிகளை இந்த நோய் மற்ற பகுதிகளைவிட மெதுவாகத்தான் தொடுகிறதாம். 2015இல் ஜெர்மனியில் மூளைப் படங்களை வைத்து அதைக் காட்டியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை வைத்து நானும் படித்தேன். அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு ப்ளேலிஸ்டாகப் போட்டுக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போட்டேன். கேட்கிறார், அமைதியாக இருக்கிறார். ஆனால் கூடச் சேர்ந்து பாடுவது அந்த ஒன்றைத்தான், அவருக்குப் பிடிக்காத அதை.

இப்போது தினமும் தலை வாரும்போது பல்லவியை நான் எடுக்கிறேன், சரணம் அவர்.

மழைச்சத்தம்:

கைத்தாளம், எழுதியதற்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மேடைக்குரல்:

இரண்டு முறை படித்தேன். சரணத்தில் சொல் தெரியாமல் இழுப்பவர்களை மேடையில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல் வரும். இனி வராது.

ஏழாம்சுரம்:

ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் சொன்னது, ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே மனம் அதன் பக்கம் சாயும் என்று. அதை வைத்து இதை விளக்கலாம் என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பாட்டு இன்னமும் பிடிக்காமலே இருக்கலாம். பிடித்தது, பிடிக்காதது என்ற கணக்குக்குள் இது வரவில்லை. நான் மேலே கேட்ட கேள்வியை, அது பாட்டாகத்தான் இருக்க வேண்டுமா என்றதை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவுப்பணி:

பாக்கியை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுபடி போனபோது ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கேட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி, தரையிலேயே வைத்திருந்தார். இருவருமாகத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றி, கீழே தடித்த ரப்பர் கொடுத்தோம். மூலையிலிருந்து தள்ளி வைத்தோம். மூலையில் இருந்தால் பாஸ் கூடும். பாதிக்கு மேல் குறைந்தது. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை போடுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். இப்போது தூங்குகிறேன்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. போன மாதம் பேருந்தில் வேலைக்குப் போகும்போது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. குரல் புதிது, சொல் புதிது. ஆனால் அடுத்து எங்கே நிற்கும், எங்கே எழும், எந்த இடத்தில் மூன்று அடி விட்டு நான்காவது விழும் என்று என் உடம்புக்குத் தெரிகிறது. காலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு இடம்கூடத் தப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இது அவர் வீட்டுப் பாட்டு. மாதக்கணக்காகச் சுவர் வழியாக அதன் கீழ்ப்பாதியை மட்டும் கேட்டிருக்கிறேன். மேல்பாதியை அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு பெண் குரல், யாரையோ திரும்பி வரச் சொல்லிக் கேட்கும் பாட்டு. நான் திட்டிக்கொண்டே படுத்திருந்த அந்தத் தும் தும் மேல் இவ்வளவு மெல்லிய ஒரு குரல் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் அவரைப் பார்த்தபோது அந்தப் பாட்டைச் சொன்னேன். தினமும் ஏன் அதையே போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணத்தை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. நான் முதலில் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, தூக்கம் தூக்கம்தான். ஆனால் இன்னொருவர் தேர்ந்தெடுத்தது என் மேல் விழ வேண்டாம் என்று எழுதினேன் இல்லையா, அது ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது.

ஒலிநாடா:

ஒரு வார்த்தையும் சேர்க்கத் தோன்றவில்லை நண்பரே.

பின்னிருக்கை:

நேற்று திரும்பி வந்தோம், அதே வழி, அதே ஆறு மணி நேரம். இந்தத் திரியில் படித்ததை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பும் முன் ஒரு ஏற்பாடு சொன்னேன். முதல் ஒரு மணி நேரம் காரின் ஸ்பீக்கர். வரிசையாக ஆளுக்கு ஒரு பாட்டு. யார் போட்டதையும் யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது. மழைச்சத்தம் அக்கா கேட்டதை நினைத்து முதல் முறையை மனைவிக்குக் கொடுத்தேன். அவள் போட்டது எனக்குத் தெரியாத பாட்டு. பதினெட்டு வருடம் ஆகிறது கல்யாணமாகி.

மகன் போட்டதில் பாடுவதே இல்லை, பேச்சு மாதிரி வேகமாகச் சொல்கிறார்கள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஒரு சொல்லைத் தாளத்துக்கு நடுவில் அரை நொடி தாமதித்து வைக்கிறார், அந்த இடத்தில் மகன் என் இருக்கையின் முதுகில் தட்டினான். கவனி என்று சொல்வது போல. அப்புறம் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

மகள் மறுத்துவிட்டாள். இது எல்லாரும் கேக்கற பாட்டு இல்லப்பா என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. அவள் முறை வந்தபோதெல்லாம் ஒரு பாட்டின் நேரம் அளவுக்கு கார் அமைதியாக ஓடியது. அவளுடைய முறை அமைதி என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் இயர்பட் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு, மனைவி தூங்கிவிட்டாள், மகன் கதவில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தான். இரண்டு வரிதான். மெட்டு எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். மகள் ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அறைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய தடுப்புதான். அவள் இரவில் போனை வாய்விட்டுப் பாட விட்டிருப்பாள் போல. அவன் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான்.

ஏய், அது ரெண்டாவது வரி அப்படி இல்ல என்றாள் மெதுவாக. அவன் தூங்கிவிட்டிருந்தான்.

மழைச்சத்தம்:

அது என்ன பாட்டு?

பின்னிருக்கை:

கேட்கவில்லை அக்கா. அவளாகச் சொன்னால் இங்கே வந்து சொல்கிறேன், அதுவும் அவள் சம்மதித்தால்.